ரோடு வந்துச்சு, சரி, நிலம் யாருது?

கடிதம்:

அண்ணே வணக்கம். கிராமத்துக்கு நல்ல ரோடு போட்டாலே பாதி வறுமை போயிடும்னு ஒரு மீட்டிங்ல ஒருத்தர் பேசினாரு. எங்க தாத்தா பாட்டி பால் மரம் (ரப்பர்) சீவுன தோட்டத்துக்கும் கடைசில தார் ரோடு வந்துச்சு, ஆனா கொஞ்ச வருஷத்துல தோட்டமே தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, ஆயிடுச்சு. அப்ப அவரு சொன்னது பொய்யா?
வாசகி, நிபோங் திபால், பினாங்கு, மலேசியா

பதில்:

வணக்கம் தங்கச்சி.

பொய் இல்லம்மா, ரோடு வேலை செய்யும். செம்பனைக் குலைய வெட்டினா 24 மணி நேரத்துக்குள்ள மில்லுக்குப் போயிடணும், லேட்டானா அமிலம் ஏறி எண்ணெய் தரம் எறங்கிடும். மழைக்கு லோரி சகதியில மாட்டுற எடத்துல சின்னதா நிலம் வச்சிருக்கறவன், வாசலுக்கு வர்ற ஒரே வியாபாரி சொல்ற வெலைக்குத்தான் குடுத்தாகணும், ரோடு நல்லா இருந்தா அடுத்த ஆள்கிட்ட ஏத்திட்டுப் போவான். ஆனா கவனிங்க, இதெல்லாம் நிலம் வச்சிருக்கறவன் கதை.

1960 வாக்குல, அப்ப துணைப் பிரதமரா இருந்த துன் ரசாக் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் சிவப்புப் புத்தகம்னு ஒன்னு வச்சு, எங்க ரோடு, எங்க பாலம்னு மேப்ல குறிச்சு, தானே நேர்ல போய் அதிகாரிங்கள கேள்வி கேப்பாரு. நிலமில்லாதவங்களுக்கு அரசாங்கம் நிலம் குடுத்துக் குடியேத்துன பெல்டா திட்டத்துல ரோடும் ஏறக்குறைய 10 ஏக்கர் நிலமும் சேர்ந்தே கெடைச்சுச்சு. நம்மாளுங்க இருந்த தோட்டம்? அது கம்பெனி சொத்து, தனியார் நிலம், அதனால அரசாங்கத்தோட கிராம மேம்பாட்டுக் காசு பெரும்பாலும் கேட்டுக்கு வெளியவே நின்னுடுச்சு. உள்ள இருந்த செம்மண் ரோடு பாலும் குலையும் போறதுக்கு, மனுஷன் போறதுக்கு இல்ல. கம்பெனி வரிசையா கட்டிக் குடுத்த லயத்து வீடும் வேலையோட ஒட்டுனது, வேலை போனா வீடும் போச்சு. அப்புறம் ஹைவே வந்து நில வெல ஏறுச்சுன்னா லாபம் யாருக்குப் போகும், நீங்களே சொல்லுங்க. உங்க பக்கத்துல பத்து காவான் இருக்கே, தோட்டமா கெடந்த எடம், 2014ல பினாங்கு தீவுக்குப் போற ரெண்டாவது பாலம் தொறந்தாங்க, இப்ப ஐக்கியா மரச்சாமான் கடையும் ஃபேக்டரியுமா நிக்குது.

இந்தியாவுல 2000த்துல பிரதமர் கிராமச் சாலைத் திட்டம்னு ஆரம்பிச்சு, சமவெளியில 500 பேருக்கு மேல இருக்கற ஊருக்கெல்லாம் ரோடு போடணும்னு எறங்கினாங்க. அத ஆராய்ச்சி பண்ண சாம் ஆஷர், பால் நோவோசாட்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க 2020ல எழுதுனது என்னன்னா, ரோடு வந்ததும் ஜனங்க விவசாயத்த விட்டு வேற வேலைக்குப் போனாங்களாம், ஆனா வெளைச்சல், வருமானம், சொத்து எதுலயும் பெரிய மாற்றம் இல்லையாம். மீட்டிங்ல பேசுறவங்க இந்தப் பாதிய சொல்லவே மாட்டாங்க லா.

வேற வேலைக்குப் போறதும் சின்ன விஷயம் இல்ல. 1972ல பினாங்கு தீவுல பயான் லெப்பாஸ் ஃப்ரீ டிரேட் ஸோன், அதாவது வரிச்சலுகை உள்ள ஃபேக்டரி வட்டாரம், வந்தப்புறம், அங்கயும் பிறை பக்கமும் ஃபேக்டரிங்க பஸ் விட்டு கம்பத்துலயும் (கிராமத்துலயும்) தோட்டத்துலயும் இருந்த பொண்ணுங்கள ஏத்திட்டுப் போச்சே, அந்தச் சம்பளத்துலதான் எத்தனையோ வீட்டுல தம்பி தங்கச்சிங்க படிச்சாங்க. என்னக் கேட்டா, நம்ம தோட்டத்துச் சனத்துக்கு ரோடு செஞ்ச பெரிய உதவி வெளிய போக விட்டதுதான், அது கூட பஸ் வந்ததால.

உங்க அம்மா, பெரியம்மா யாராச்சும் அப்படி ஃபேக்டரிக்குப் போயிருந்தா ஒன்னு கேட்டு எழுதுங்க, பஸ் லயத்து வரைக்கும் உள்ள வந்துச்சா, இல்ல மெயின் ரோடு வரைக்கும் இருட்டுல நடந்தாங்களா?