மனப் பதற்றம் தணிந்தால் புண் விரைவில் ஆறுமா?

கேள்வி: எனக்கு வயது 52. மறதி நோய் கண்ட மாமியாரை நான்கு ஆண்டுகளாக நானே கவனித்துக்கொள்கிறேன். இரவில் அவர் எழுந்து வாசல் வரை போய்விடுவதால், சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் நான் தூங்கியதில்லை. கட்டில் விளிம்பில் இடித்து முழங்காலுக்குக் கீழே ஏற்பட்ட காயம் ஐந்து வாரமாகியும் ஆறவில்லை. நரம்பு மண்டலத்தை அமைதிப்படுத்தினால் புண் தானாக ஆறிவிடும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: "தானாக" என்பதை நீக்கிவிட்டால் அவர் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. உங்கள் நிலையில் இருப்பவர்களையே வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதி நோயுற்ற உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களுக்கும், அத்தகைய பொறுப்பில்லாத 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் தோலை எடுத்து, அந்தச் சிறு காயம் ஆறும் வரை கவனித்தனர். பராமரிப்பாளர்களுக்குச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டதை 1995-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டனர். பிறகு பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேல் அண்ணத்தில் விடுமுறையில் ஒரு முறையும் தேர்வு நேரத்தில் ஒரு முறையும் அதே அளவு காயம் செய்து பார்த்தபோது, தேர்வு நேரத்துக் காயம் ஆற ஏறத்தாழ மூன்று நாட்கள் அதிகமாயின. இரண்டும் சிறிய ஆய்வுகள்தாம். ஆனால் ஒரே ஆளின் இரு காயங்களை ஒப்பிட்டதால் இரண்டாவதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

காரணம் புரியாததன்று. பயந்தால் கை சில்லிட்டுப் போகிறதல்லவா? அட்ரினலின் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நேர்வது அது. அந்நிலை நீடித்தால் புண்ணுக்குப் போகும் ஆக்ஸிஜனும் குறையும். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனோ, காயம் பட்ட முதல் நாட்களில் வெள்ளணுக்களை அங்கே அழைக்கும் புரதங்களின் உற்பத்தியைக் குறைத்துவிடுவதுடன் இரத்தச் சர்க்கரையையும் ஏற்றுகிறது.

ஆகவே முதல் வேலை சர்க்கரைப் பரிசோதனை. ஐந்து வாரம் ஆறாத கால் புண்ணுக்கு மனத்தை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, இரத்தசோகை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, காலின் இரத்த ஓட்டத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ அன்றே போக வேண்டும்.

மூச்சுப் பயிற்சியைத் தாராளமாகச் செய்யலாம். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக நீண்ட மூச்சு விட்டுப் பாருங்கள். வெளிவிடும்போது துடிப்பு சற்றே தளர்வதைச் சிலரால் விரலிலேயே உணர முடியும். இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் என்ற நரம்பின் வேலை அது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் காலையும் இரவும் பத்து நிமிடம் போதும். செலவில்லாதது, மருந்துக்கு மாற்று ஆகாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது அந்த மூன்று மணி நேரத் தூக்கம். பத்து நிமிட மூச்சு அதை ஈடுகட்டாது. வாசல் கதவுக்கு மேலே, மாமியாரின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும், திறந்தால் ஒலிக்கும் சிறு மணியும் பொருத்துங்கள். வாரத்தில் இரண்டு இரவாவது கணவரோ நாத்தனாரோ அந்த அறையில் படுக்கட்டும். அவர்கள் தயங்கினால், மருத்துவர் சொன்னதாக இந்தப் பதிலையே காட்டுங்கள்.