காடில்லாத ஊரில் வனவியலா?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். வனவியல் படித்து வன அலுவலராக வேண்டும் என்று ஆசை. “சுற்றிலும் வயல்தான். காட்டையே பார்க்காதவளுக்கு வனப் படிப்பு எதற்கு? வேளாண்மை படி” என்கிறார் அப்பா. நான் என்ன செய்வது?
— ஒரு மாணவி, மன்னார்குடி

பதில்: உங்கள் ஊர்ப் பாமணியாறு எங்கே போய்ச் சேருகிறது என்று அப்பாவிடம் கேட்டுப் பார், அம்மா. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில். கிழக்கே போனால் கோடியக்கரையில் வெளிமான் மேய்கிறது. காடு இல்லாத சீமையா இது?

முத்துப்பேட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மரங்களை மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனதும் மண்ணின் ஈரம் வற்றி, தரை தாழ்ந்து பள்ளமாயிற்று. ஓதத்தில், அதாவது கடல் பெருகும் வேளையில், ஏறிய கடல்நீர் இறங்க வழியின்றித் தேங்கிக் காய்ந்தது. அந்த உப்பில் கன்று எங்கே பிழைக்கும்? 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் போல வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே பெரியதொன்று, இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியது, உப்புக் குறைந்தது, கரையோரம் நட்ட கண்டல் என்னும் அலையாத்தி மரம் பிடித்துக்கொண்டது. வடிகால் அடைத்தால் பயிர் அழுகும் என்று தெரிந்த வீட்டுப் பெண்ணுக்கு இதை யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. வன மேலாண்மை பெரும்பாலும் இப்படிப்பட்ட வேலைதான். புலியைப் பார்க்கும் நாள் குறைவு. தண்ணீரையும் மண்ணையும் ஊர்க்காரரையும் பார்க்கும் நாள்தான் அதிகம்.

படிப்புக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டு.

அப்பா சொல்வதையும் தள்ளிவிடாதே. மத்திய தேர்வாணையம் நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வை வேளாண்மைப் பட்டதாரியும் எழுதலாம். தாவரவியல், விலங்கியல் படித்தவரும் எழுதலாம். முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ். தேர்வோடு பொதுவானது. முதன்மைத் தேர்வில் இரண்டு விருப்பப் பாடங்கள். வேளாண்மையையும் வனவியலையும் சேர்த்து எடுக்க முடியாது. இடங்களோ மிகக் குறைவு. ஆகவே அந்த ஒரு தேர்வை மட்டும் நம்பி வனவியலில் சேராதே. மாநிலத் தேர்வாணையத்தின் வனத் தொழில் பழகுநர் தேர்வு, காகித ஆலைகளின் சவுக்கு, தைலமரத் தோட்டத் திட்டங்கள், ஆராய்ச்சி என்று மற்ற வழிகளையும் இப்போதே பார்த்து வை.

சேருவதற்கு முன் ஒரு வேலை செய்து பார். தஞ்சாவூர்ப் பக்கம் கால்வாய்க் கரைகளில் தேக்கு நிற்கிறதல்லவா? தையற்காரர் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு போ. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், நம் கணக்கில் நாலரை அடியில், அடிமரத்தைச் சுற்றி அளக்கவேண்டும். கரை சரிவாக இருந்தால் உயரத்தை மேட்டுப்பக்கத்திலிருந்து எடு. பள்ளத்திலிருந்து எடுத்தால் கணக்குத் தப்பும். கொடி படர்ந்திருந்தால் விலக்கிவிட்டு அள. நோட்டில் எழுது. ஐம்பது மரம் அளந்தபிறகும் ஐம்பத்தோராவது மரத்தை ஒழுங்காக அளக்கத் தோன்றினால் இந்தப் படிப்பு உனக்குத்தான். பத்தாவது மரத்திலேயே சலித்துவிட்டால் அப்பா சொல்வதைக் கேட்டுவிடு. அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

இன்னொன்று: வனப் பணித் தேர்வில் பெண்களுக்கு நான்கு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடைச் சோதனை உண்டு. மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் ஏறத்தாழ அந்தத் தூரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பு. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ; டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே.