ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மேல்முறையீடு: இந்தத் தடவை வந்த கேள்விகள்

முதல் மேல்முறையீடு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, பதிலே இல்ல. இன்னும் காத்திருக்கணுமா?

வேண்டாம். 30 நாள், மிஞ்சிப்போனா 45, அதோட அவங்க டைம் முடிஞ்சுது. அதுலேர்ந்து 90 நாளுக்குள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு ரெண்டாவது மேல்முறையீடு, சட்டப் பிரிவு 19(3)னு தலைப்புலயே போட்டு அனுப்புங்க. தபால் ரசீதைப் பத்திரமா வைங்க.

தகவல் ஆணையத்துக்கு அனுப்பற அப்பீலுக்கு எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்டணும்?

தமிழ்நாட்டுல மேல்முறையீட்டுக்கு ஃபீஸே கிடையாது. முதல் மனுவுக்குக் குடுத்த பத்து ரூபாயோட சரி.

பதில் வரலன்னு நேரா பிரிவு 18ல புகார் போட்டேன். ஒன்றரை வருஷம் கழிச்சு 'புகார் முடிக்கப்பட்டது'ன்னு ஆர்டர் வருது, தகவல் எங்க சார்?

எத்தனை தடவைதான் எழுதறது? 18ல போட்டா தகவல் குடுக்க வேண்டிய அலுவலருக்கு அபராதம் போடலாம், தகவலைக் குடுன்னு ஆணையம் உத்தரவு போட முடியாது, இதை மணிப்பூர் வழக்குல 2011லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. தகவல் வேணும்னா பிரிவு 19தான் வழி, முதல்ல அதே ஆபீஸ்ல மேல்முறையீடு, அப்புறம்தான் ஆணையம். போன மாசம் ஒரு பெரியவர் மஞ்சப்பை நிறைய ரசீது, நகல் எல்லாம் தேதி வாரியா குண்டூசி குத்தி எடுத்துட்டு வந்தார், பட்டா மாறுதல் ஃபைல் நகல் கேட்டு ரெண்டு வருஷம் அலைஞ்சிருக்கார், எல்லாம் சரியா இருக்கு, மேல '18'னு மட்டும் இருக்கு. யாரோ எழுதிக் குடுத்ததாம். எழுதிக் குடுக்கிறவங்க இந்த ஒரு நம்பரைப் பார்த்து எழுதக்கூடாதா, வயசானவரோட ரெண்டு வருஷம்ங்க அது! உங்களுக்கும் அவருக்கும் சொன்னதுதான், புதுசா மனு போடுங்க, தடை எதுவும் இல்ல.

25,000 அபராதம் போட்டா எனக்கு வருமா?

வராது, அது அரசுக்குப் போற பணம். நாளைக்கு 250 வீதம், அதிகபட்சம்தான் 25,000. உங்களுக்கு வேணும்னா 19(8)(பி)ல இழப்பீடு கேளுங்க, பஸ் டிக்கெட், போன கூலின்னு கணக்கோட.

விசாரணைக்குப் போயே ஆகணுமா?

கட்டாயம் இல்ல, ஆனா போங்க. மறுத்தது சரின்னு நிரூபிக்க வேண்டியது அலுவலர்தான், 19(5). ஆனா 'தகவல் அனுப்பியாச்சு'ன்னு அவர் சொல்லும்போது 'எனக்கு வரல'ன்னு சொல்ல அங்க ஆள் வேணும்ல.

என் அப்பீல் என்ன ஆகும்?

உங்க கடிதத்துல மனு போட்ட தேதி இல்ல, எந்த ஆபீஸ்னு இல்ல, என்ன கேட்டீங்கன்னும் இல்ல. எல்லாம் எழுதி, ரசீது நகலோட திரும்ப அனுப்புங்க.