1.6 வோல்ட்டுக்கு இறங்கிய டார்ச் பேட்டரி
வணக்கம். ஆறு மாதம் இழுப்பறையில் கிடந்த டார்ச்சின் 18650 என்ற அளவுள்ள லித்தியம் அயனி பேட்டரி 1.6 வோல்ட்டே காட்டுவதாகவும், சார்ஜர் அதை ஏற்காததால் வேறொரு பேட்டரியோடு இணைத்து உயிர்ப்பிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். இவ்வகை பேட்டரி 2.5 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழிறங்கி நெடுநாள் கிடந்தால், உள்ளிருக்கும் செப்புத் தாள் கரைந்து, மீண்டும் சார்ஜ் ஏற்றும்போது வேறிடத்தில் படிந்து, உட்புறக் குறுக்குச்சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கித் தீப்பிடிக்கவும் கூடும் என்பதால், முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பில் சேர்த்துவிடுங்கள். மின்னணுப் பொத்தான் உள்ள டார்ச்சுகள் அணைந்திருக்கும்போதும் சிறிதளவு மின்சாரத்தை இழுக்கும். உங்கள் விஷயத்திலும் குற்றவாளி அநேகமாக அதுதான். புதிய பேட்டரியைப் பயன்படுத்தாத நாட்களில் வெளியே எடுத்து, 4.2 வோல்ட் வரை முழுதாக ஏற்றாமல் ஏறத்தாழ 3.7 வோல்ட்டில், வெயில் படாத இடத்தில் பிளாஸ்டிக் உறையிலிட்டு வையுங்கள்.