போர்வெல் இருக்கும்போது வாய்க்கால் தண்ணீர் எதற்கு?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் 3 ஏக்கர் இருக்கிறது. ஃபில்டர் பாயிண்ட் (மணலில் இறக்கிய ஆழமில்லாத போர்) நன்றாக ஊறுகிறது, கரண்டும் இலவசம். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதும் மோட்டாரைப் போட்டே பாய்ச்சுகிறேன். தவறா?

பதில்: வாய்க்கால் ஓடும்போது மோட்டாரை நிறுத்திவிடுங்கள். உங்கள் ஃபில்டர் பாயிண்டில் ஊறுவதே மழையோடு சேர்ந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் ஓடி, வயலில் தேங்கி, மணலுக்குள் இறங்கிய தண்ணீர்தான். ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளிலும் இறைத்தால் கோடையில் எதை இறைப்பது?

போருக்கு வேலை ஆற்றுத் தண்ணீர் இல்லாதபோதுதான். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், ஆனால் 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. அந்த வருஷங்களில் போர் வைத்திருந்தவர்களால்தான் குறுகிய கால குறுவை நெல்லுக்கு நாற்று விட முடிந்தது. அதே மாதிரி ஜனவரி 28-ல் அணையை மூடும்போது, தாமதமாக நட்ட சி.ஆர்.1009 போன்ற நீண்ட வயசு நெல் ரகங்கள் பால் பிடிக்கிற நிலையில் நிற்கும். அப்போது இரண்டு மூன்று தண்ணீர் போரிலிருந்து கிடைத்தால் பயிர் தப்பிக்கும்.

வாய்க்காலில் முறை வைத்து (சில நாள் விட்டு, சில நாள் நிறுத்தி) தண்ணீர் விடும் நாட்களில் இன்னொன்றும் செய்யலாம். ஒரு அடி நீள பி.வி.சி. குழாயில் பாதிவரை ஓட்டை போட்டு, ஓட்டையுள்ள பக்கத்தை வயலில் புதைத்து, உள்ளே இருக்கிற மண்ணை எடுத்துவிடுங்கள். அதில் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும், அதற்குள் பெரும்பாலும் அடுத்த முறை வந்துவிடும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள். அப்புறம், முறை எட்டாமல் தவிக்கிற வருஷத்தில் நல்ல போர் இருக்கிற நீங்கள் ஒரு முறையை விட்டுக்கொடுத்தால் அது வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடை வயல்களுக்குப் போகும். அங்கே போர் போட்டாலும் பல இடங்களில் உப்புத்தான் வருகிறது. இதை உங்களைக் கெஞ்சியே கேட்கிறேன்.

கேள்வி: வேதாரண்யம் அருகே எங்கள் போர் தண்ணீர் கரிக்கிறது. இன்னும் ஆழமாக இறக்கலாமா?

பதில்: பக்கத்தில் நல்ல தண்ணீர் கிடைத்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் இறக்காதீர்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீரை இறைக்க இறைக்க உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும், போட்ட பணமும் போய்விடும். இருக்கிற போரை வாய்க்கால் தண்ணீரோடு கலந்து, பயிர் பக்கக் கிளைகள் விட்டுத் தூர் கட்டும் பருவத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் உப்பைத் தாங்காது, அந்த இரண்டுக்கும் ஆற்றுத் தண்ணீரோ பண்ணைக்குட்டையில் பிடித்த மழைத் தண்ணீரோ வேண்டும். எந்த அளவில் கலப்பது என்பதை நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை நன்றாகக் கழுவிப் பிடித்து, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள்.