பவளத் தொட்டிக்கு டியூப் லைட்: கேட்டு வாங்குங்கள்

கே: கடல்நீரில் உயிர்ப்பவளம் வளர்க்கும் என் நாலடிப் பவளத் தொட்டிக்கு "54 வாட் டி5, நாலு டியூப்" என்று சொல்லி ஒரு ஃபிட்டிங் விற்றார்கள். பிரித்துப் பார்த்தால் டியூபில் 28 வாட் என்று அச்சாகியிருக்கிறது. "நீளம் சரியாகத்தானே இருக்கிறது, டி5 எல்லாம் டி5தான்" என்கிறார் கடைக்காரர். பவளங்கள் பழுப்பேறி வருகின்றன. நான் ஏமாந்துவிட்டேனா?

ப: ஏமாற்றியிருக்கிறார்கள். உங்கள் மேல் தப்பே இல்லை. பார்வைக்கு அந்த இரண்டு டியூபுக்கும் வித்தியாசம் தெரியாது. 28 வாட்டும் 54 வாட்டும் ஒரே 1149 மி.மீ. நீளம், ஒரே 16 மி.மீ. தடிமன் (டி5 என்பது இந்தத் தடிமனின் பெயர்தான்), முனைப் பின்கூட ஒன்றுதான். ஆனால் 28 வாட் என்பது மின்சாரச் சிக்கனத்துக்காக வந்த எச்.இ. (ஹை எஃபிஷியன்சி) வகை. பவளத் தொட்டிக்காரர்கள் 'டி5' என்று சொல்வது எச்.ஓ. (ஹை அவுட்புட்) வகையை, அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு வெளிச்சம் தரும். மற்ற நீளங்களிலும் இதே ஜோடி உண்டு: 24 வாட் எச்.ஓ.வுக்கு 14 வாட் எச்.இ., 39 வாட்டுக்கு 21 வாட்.

"டியூபை மட்டும் மாற்றித் தருகிறேன்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். டியூபுக்குள் எவ்வளவு மின்சாரம் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சோக். 28 வாட்டுக்கான சோக் 170 மில்லி ஆம்பியர் அளவில் ஓட்டும். 54 வாட் டியூபுக்கு 460 வேண்டும். ஆகவே முழு ஃபிட்டிங்கும் திரும்பப் போக வேண்டும். டியூபின் அச்சு, சோக்கின் லேபிள், பில், விளம்பரம் நான்கையும் படமெடுத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசிப் பயனில்லை.

வெளிச்சம் போதாதபோது பவளம் தன் உடலில் வாழும் நுண்பாசிகளைப் பெருக்கிக்கொள்ளும்; நீங்கள் பார்க்கும் பழுப்பு அதுவாக இருக்கலாம். நைட்ரேட் கூடினாலும் பழுப்பேறும் என்பதால் தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கே: வீட்டு டியூப் லைட்டையே தொட்டி மேல் மாட்டினால் என்ன?

ப: மீனைப் பார்க்கப் போதும். பவளத்துக்குப் போதாது.

கே: எட்டு டியூப் ஃபிட்டிங் ஒன்றும் ஆறு டியூப் ஃபிட்டிங் ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே விலை. எட்டுதானே லாபம்?

ப: இந்தக் கணக்கைத்தான் பல வருடமாக எதிர்த்து எழுதி வருகிறேன். டியூபின் எண்ணிக்கையும் மொத்த வாட்டும் பெட்டியின் முகப்பில் பெரிதாக நிற்கும். ரிஃப்ளெக்டரைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

டியூப் தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒளி வீசும். தொட்டியை நோக்கி நேராகப் போவது அதில் பாதிக்கும் குறைவு. மீதியைப் பிடித்துக் கீழே திருப்புவது ரிஃப்ளெக்டரின் வேலை. ஒவ்வொரு டியூபுக்கும் தனித்தனியாக, அதன் முதுகை அணைத்தாற்போல் வளைத்த, கண்ணாடிபோல் மின்னும் அலுமினியத் தகடு வேண்டும். எல்லா டியூபுக்கும் பொதுவாக ஒரு தட்டைத் தகடு வைத்தால், மேலே போன ஒளியில் ஒரு பங்கு அதே டியூபிலோ பக்கத்து டியூபிலோ மோதி வீணாகிறது. டியூப்களை நெருக்கி அடுக்கினால் சூடும் ஏறும். டி5 குழாய் தன்னைச் சுற்றியுள்ள காற்று 35 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போதுதான் முழு வெளிச்சம் தரும். அதைத் தாண்டினால் வெளிச்சம் இறங்கும். அதாவது அதிக மின்கட்டணம் கட்டி, குறைந்த வெளிச்சம் வாங்கி, தண்ணீரையும் சூடாக்குகிறீர்கள்.

நான் வாங்கிய ஒரு ஃபிட்டிங்கில் 'உயர்தர ரிஃப்ளெக்டர்' என்று போட்டிருந்தார்கள். உள்ளே இருந்தது வெள்ளைப் பெயின்ட் அடித்த தகரம். உப்புக் காற்றில் பெயின்ட் உரிந்து தொட்டிக்குள் விழ ஆரம்பித்தது. விற்றவர் "உப்பால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது" என்றார். கடல்நீர்த் தொட்டிக்கென்றே விற்ற பொருளுக்கு இந்தப் பதில்! இன்றும் என்னால் அதை ஏற்க முடியவில்லை.

கடையில் டியூபைக் கழற்றி உள்ளே காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். தனி ரிஃப்ளெக்டர் உள்ள ஆறு, தட்டைத் தகடு வைத்த எட்டைவிட நல்லது.

கே: லூமென் அதிகமுள்ள டியூபையே பார்த்து வாங்குகிறேன். சரிதானே?

ப: இல்லை. லூமென் மனிதக் கண்ணுக்கான அளவு. பச்சைக்கு அதிக மதிப்பெண், நீலத்துக்கு மிகக் குறைவு. பவளத்தின் பாசிக்கு முக்கியமான ஒளி நீலம். நீங்கள் கேட்க வேண்டியது பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி) அளவு: 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி, பவளம் இருக்கும் ஆழத்தில் எவ்வளவு விழுகிறது என்று. பார் மீட்டரைச் சொந்தமாக வாங்க வேண்டாம், தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒருநாள் இரவல் கேளுங்கள்.

கே: தள்ளுபடி என்பதால் ஆறு டியூப் ஃபிட்டிங் வாங்கிவிட்டேன். தொட்டி இனிமேல்தான். என்ன பவளம் வைக்கலாம்?

ப: வாங்கிய பிறகு கேட்டால் நான் என்ன சொல்ல? எந்தப் பவளம் என்பது முதல், தொட்டியின் ஆழம் அடுத்தது, விளக்கு கடைசி. மென்பவளங்களுக்கு 50 முதல் 100 பார் போதும். பெரிய சதைப்பற்றுள்ள கல்பவளங்களுக்கு 75 முதல் 150. அக்ரோபோரா போன்ற கிளைப்பவளங்களுக்கு 200-லிருந்து 350 வரை. தள்ளுபடியைப் பார்த்து விளக்கு வாங்கியதற்காக, அந்த விளக்குக்கேற்ற பவளத்தைத் தேடி அலையாதீர்கள். ஃபிட்டிங் இன்னும் பிரிக்காமல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கே: நாலு டியூபில் நீலம் எத்தனை, வெள்ளை எத்தனை?

ப: 450–460 நானோமீட்டர் அளவில் உச்சம் உள்ள நீலம் இரண்டு, 10,000 கெல்வின் பக்கமுள்ள வெள்ளை ஒன்று, 420 நானோமீட்டர் ஆக்டினிக் (ஊதா கலந்த நீலம்) ஒன்று. ஆக்டினிக் பவளத்தின் ஒளிர்நிறத்தை எடுத்துக் காட்டும். அதையே நாலு மாட்டினால் தொட்டி இருண்டுபோகும்.

கே: பழைய ஃபிட்டிங் வாங்கினேன். "டியூப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை" என்றார் விற்றவர். இரண்டு முனையும் கருத்திருக்கிறது.

ப: அவர் சொன்னது உண்மையாக இருக்க வாய்ப்பு குறைவு. முனைக் கருமை பெரும்பாலும் நெடுநாள் எரிந்ததன் அடையாளம். நல்ல நம்பிக்கையோடு வாங்கியிருக்கிறீர்கள், அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது வருத்தமாக இருக்கிறது. டியூப் விலையைக் கழித்துத் தரும்படி கேளுங்கள். ஹோல்டரில் உப்புப் படிந்து பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மாட்டவே வேண்டாம்.

கே: இரண்டு வருடமாக டியூப் நன்றாகவே எரிந்தது. நீங்கள் எல்லாம் மாற்றச் சொல்கிறீர்களே என்று ஒரே நாளில் ஆறையும் மாற்றினேன். பவளம் வெளுத்துவிட்டது.

ப: டியூப் எரிவது வேறு, உள்ளே பூசிய, ஒளி தரும் பாஸ்பர் பொடி சரியாக வேலை செய்வது வேறு. ஒளியும் நிறமும் மெல்ல நழுவுவது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் 9 முதல் 12 மாதத்துக்குள் மாற்றச் சொல்கிறோம். ஒன்று மாற்றி, ஒன்றிரண்டு வாரம் விட்டு, அடுத்தது. மங்கலுக்குப் பழகிய பவளத்தின் மேல் ஆறு புது டியூபை ஒரேயடியாக எரித்தால் அது பாசியை வெளியேற்றிவிடும். இப்போது ஃபிட்டிங்கை உயர்த்திக் கட்டுங்கள், நேரத்தைக் குறையுங்கள், மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். வாங்கிய தேதியை டியூபின் முனையில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

கே: டியூப் லைட்டே நிற்கப் போகிறதாமே? இப்போது டி5 வாங்கலாமா?

ப: டியூபுக்குள் பாதரசம் உண்டு. பாதரசம் பற்றிய மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-இல் கூடி, பொது உபயோக டியூப்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் முடிக்க முடிவெடுத்தன. தனிப்பயன் விளக்குகளுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் தயாரிப்பாளர்கள் குறைந்தால் விலை ஏறும். புதிதாகத் தொடங்குபவர் எல்இடியையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். நல்ல டி5 ஃபிட்டிங் ஏற்கெனவே வைத்திருப்பவர் பதறி விற்க வேண்டாம். ஒரு வருட டியூப் கையிருப்பு போதும். தேய்ந்ததைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கே: நிழல் தட்டுகிறது என்று ஃபிட்டிங்கின் அடியிலிருக்கும் அக்ரிலிக் தடுப்பைக் கழற்றிவிட்டேன்.

ப: திரும்பப் போடுங்கள். வாரம் ஒருமுறை உப்பைத் துடையுங்கள், நிழல் போகும். உப்புநீர் தெறிக்கும் இடத்தில் மின்சாரம் ஓடுகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் இந்த விளக்கை இன்றிரவுகூடப் போடாதீர்கள்.

கே: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

ப: 8 முதல் 10. டைமர் வாங்குங்கள்.