தொங்கானில் இருந்த தாத்தா

வணக்கம் ஐயா. ராஜேந்திர சோழன் 1025-இல் கப்பற்படையை அனுப்பிக் கடாரத்தை வென்ற வரலாறு நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. கடலை ஆண்ட இனம் நாம். நீங்கள் இதை விரிவாக எழுத வேண்டும். என் தாத்தாகூட பினாங்கில் தொங்கான் என்ற சரக்குப் படகில் வேலை பார்த்தவர்தான்.
– ஒரு வாசகர், செந்தூல்

அன்புள்ள தம்பி,

கடாரத்தைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள், அதை விடுங்கள். உங்கள் கடைசி வரியில்தான் நான் நின்றுவிட்டேன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ராஜாவுக்கு அத்தனை வரி, சொந்தத் தாத்தாவுக்கு ஒரே வரியா? படித்ததும் கோபம்தான் வந்தது.

அவர் என்ன வேலை செய்தார் என்று தெரியுமா? பெரிய கப்பல்களில் பல, கரையை அண்டாமல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தொங்கான் போய் அதன் விலாவை ஒட்டி நிற்க வேண்டும். மேலேயிருந்து மூட்டைகள் கயிற்றில் தொங்கி இறங்கும், அலைக்குத் தொங்கான் ஏறும், தாழும், கீழே நிற்பவர் அந்தச் சுமை எங்கே வந்து இறங்கும் என்று கண்ணாலேயே அளந்து விலகிக்கொள்ள வேண்டும். அப்புறம் பினாங்குத் துறைமுகக் கரையான வெல்ட் கீயில் பலகை போட்டு, மூட்டையைத் தோளில் வைத்துக் கரையேற வேண்டும். வற்று நேரத்தில் தொங்கான் தாழ்ந்து கிடக்கும், பலகை செங்குத்தாக நிற்கும், அதே அரிசி மூட்டை இரண்டு மடங்கு கனக்கும்.

என் அம்மாவின் தாய்மாமா ராமநாதபுரத்துக்காரர், தொங்கானில் தண்டலாக, அதாவது ஆட்களுக்குத் தலைவராக, இருந்தார். கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் கடையில் கடன். அவருடைய வலது தோள் காய்த்துப்போய் இடது தோளைவிடத் தடித்திருக்கும், சின்ன வயதில் நாங்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். அவரிடம் யாரும் எதையும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

வணிகர்களுக்கு அந்தக் குறை இல்லை. காதர் முகைதீன் 1801-இல் பினாங்கில் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை இன்றைக்கும் படம் எடுக்கிறோம், எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வந்து, இங்கிருந்து பாக்கும் மிளகும் கொண்டுபோன பாய்மரக் கப்பல்களில் சுக்கான் பிடித்தவர் யார், பாய் இறக்கியவர் யார்? அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. 1969-இல் பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்தது, பின்னால் கொள்கலன்களும் வந்தன, தொங்கான் வேலை அடங்கிப்போனது. அந்த வேலை பார்த்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், நாமோ கல்வெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

சரி, உங்கள் வீட்டில் அத்தையோ பெரியப்பாவோ இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், யாருடைய தொங்கான், தண்டல் யார், கூலி நாள் கணக்கா நடைக் கணக்கா, அடிபட்டால் யார் பார்த்தார்கள், எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள், இங்கே போடுகிறேன். எழுத்துப்பிழையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.